பட்டுப்போன ஆஷ் மரம்: விறகு, பலகை, ஒரு மண்வெட்டிக் காம்பு

பட்டுப்போன மரத்தை என்ன செய்வது என்று யோசித்தே இரண்டு வருடத்தைத் தொலைத்தவன் நான். எங்கள் காட்டுத் துண்டில் நல்ல பலகையாகியிருக்க வேண்டிய ஆஷ் மரங்களில் பாதி அந்த இரண்டு வருடத்தில்தான் வெறும் விறகாயின. இதே நிலையில் நிற்கும் மரங்கள் உங்களிடமும் இருந்தால், நான் எங்கே சறுக்கினேன் என்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், கவார்த்தா ஏரிகள் பக்கம். 14 ஏக்கர் காடு. 2017இல் வாங்கினோம். மேப்பிள், செர்ரி, கொஞ்சம் பாஸ்வுட், மேட்டுப் பக்கம் முழுக்க வெள்ளை ஆஷ். ஆஷ் என்று போனில் சொன்னதும் அப்பா, “எந்த ஆஷ்ல, மணியாச்சியில சுட்டாங்களே அந்த ஆஷா?” என்றார். திருநெல்வேலிக்காரர்களுக்கு 1911இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இன்னும் நேற்று நடந்த மாதிரிதான். இந்த ஆஷ் மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பார்க்க மல்லிகையின் சாயலே இருக்காது. வேம்பு மாதிரி கூட்டிலை, எழுபது எண்பது அடி உயரம், நிமிர்ந்த தண்டு. அடித்தண்டில் 20 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் இருந்தவற்றை முதல் கோடையிலேயே எண்ணி வைத்தேன். 63.

2019 பிப்ரவரியில், வெயில் அடித்த ஒரு காலை, நாலைந்து மரங்களின் மேல்பகுதி மட்டும் வெளிறித் தெரிந்தது. மரங்கொத்திகள் வெளிப்பட்டையைச் செதில் செதிலாக உரித்துப் போட்டிருந்தன. கீழே பனியின் மேல் பட்டைத் துணுக்குகள். ஒரு மரத்தில் பட்டை வெடித்த இடத்தில் கத்தியை விட்டுப் பெயர்த்தேன். உள்ளே பாம்பு நெளிந்தது போல வளைந்து வளைந்து சுரங்கம், மாவு அடைத்த மாதிரி. பட்டையில் பென்சில் முனை அளவுக்கு ஓட்டைகள், ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் அரைவட்டமாக. இந்த அரைவட்ட ஓட்டையைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். மரகதப் பச்சையில் பளபளக்கும் ஒரு சின்ன வண்டு உள்ளே வளர்ந்து வெளியேறிய வழி அது.

கிழக்கு ஆசியாவிலிருந்து, பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களில் ஒளிந்து வந்த வண்டு என்கிறார்கள். டெட்ராய்ட் பக்கமும், ஆற்றுக்கு இந்தப் பக்கம் வின்ட்சரிலும் 2002இல் கண்டுபிடித்தார்கள். அதற்கும் பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். வண்டு இலையைத்தான் கடிக்கும். அதனால் மரம் சாகாது. கொல்வது புழு. பட்டைக்கு அடியில், இலையில் செய்த உணவு கீழே இறங்கும் பாதையை அது தின்கிறது. சுற்றிலும் தின்று முடித்தால் மரத்துக்குக் கழுத்தை நெரித்த மாதிரிதான். வண்டு விழுந்த தோப்பில் பெரும்பாலான மரங்கள் சில வருடங்களுக்குள் போய்விடுகின்றன. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் போயிருக்கின்றன.

மருந்து இருக்கிறது. கனடாவில் அதிகம் போடுவது அசாடிராக்டின், அதாவது வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்தது. கோடையில் அடித்தண்டைச் சுற்றித் துளையிட்டு ஊசி போல ஏற்றுவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இத்தனை டாலர் என்று கணக்கு. 63 மரத்துக்கு நினைத்தே பார்க்க முடியாது. வீட்டை ஒட்டி நிழல் தரும் இரண்டுக்கு மட்டும் போட்டோம். இதைச் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. வீட்டு வாசலில் கூட்டித் தள்ளுகிற கொட்டை ஆயிற்றே.

மீதி 61. இங்கேதான் நான் தவறினேன். 2019 கோடையில் பாதிக்கு மேற்பட்டவை இலை விட்டன. அடித்தண்டில் புதுத் துளிர்கள் கொத்தாக வந்தன. “பாருங்க, துளிர்க்குது, பிழைச்சிரும்” என்று மனைவியும் சொன்னாள், நானும் நம்பினேன். அந்தத் துளிர் உண்மையில் கடைசி மூச்சு. மேலே வழி அடைபட்டதும் மரம் கீழிருந்து முட்டிப் பார்க்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபது வயது தாண்டியவர், வேலியோரம் நின்று ஒரே வாக்கியம் சொன்னார்: இலை இருக்கும்போதே வெட்டிவிடு, இலை போன பிறகு கிட்டே போகாதே. அது மரத்தின் மேல் இரக்கமில்லாத பேச்சாக எனக்குப் பட்டது. 2020 முழுக்க வேடிக்கை பார்த்தேன்.

அவர் சொன்னதன் அர்த்தம் 2021 ஜனவரியில் தெரிந்தது.

அதற்கு முன் செயின்சா பயிற்சி இரண்டு நாள் போயிருந்தேன். ஆஷ் மரத்தின் சிறப்பே நார் நேராக ஓடுவது. கோடாலியை வைத்தால் வெள்ளரிக்காய் போலப் பிளக்கும். வெட்டும்போது அந்தக் குணமே எமன். சற்றுச் சாய்ந்து நிற்கும் மரத்தைப் பின்பக்கமிருந்து சாதாரணமாக அறுத்துக்கொண்டே போனால், பாதி அறுக்கும் முன்பே அடித்தண்டு செங்குத்தாகப் பிளந்து, பின்பாதி துள்ளி எழுந்து அறுப்பவன் முகத்துக்கு நேரே வரும். அதனால் குத்தி அறுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். விழ வேண்டிய பக்கம் வாய் திறந்தது போல ஒரு வெட்டு. பிறகு வாளின் முனையைத் தண்டின் நடுவில் குத்தி உள்ளே செலுத்தி, முன்னால் கதவுக் கீல் போல ஒரு பட்டையை விட்டு, பின்னோக்கி அறுத்து வந்து, பின்புறம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்தை அறுக்காமல் நிறுத்துவது. அந்த நிலையில் மரம் அசையாது. ஓடுகிற வழியில் கொடியோ கல்லோ இருக்கிறதா என்று பார்க்கலாம், ஒரு மூச்சு வாங்கலாம். கடைசியாக அந்தப் பின்பட்டையை அறுத்தால் மரம் போய்விடும்.

முதல் இரண்டும் அப்படியே விழுந்தன. முந்தைய கோடையில் இலை விட்டவை அவை. மூன்றாவது மரத்தில் அந்தக் கோடையில் இலையே இல்லை. பின்பட்டையை அறுத்தும் சாயவில்லை. ஆப்பு வைத்துச் சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியோ நாலாவது அடியோ, மேலே உலர்ந்த அப்பளம் நொறுங்கின மாதிரி சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் உச்சியில் ஒரு பகுதி, என் தொடை பருமனில், பின்னால் நாலடி தள்ளிப் பனியில் குத்தி நின்றது. அடித்தண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது. சுவிட்சைத் தள்ளி வாளை நிறுத்தக்கூடக் கை வரவில்லை, நடுங்கியது.

காரணம் எளிது. செத்த ஆஷ் மற்ற மரங்களைவிட வேகமாக உலர்ந்து முறுகிவிடும். மேல்கிளைகளிலும் தூரிலும் பூஞ்சணம் ஏறும். ஆப்பில் விழும் ஒவ்வொரு அடியும் தண்டு வழியே உச்சிக்குப் போய் உலுக்கும். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு முழுக் கோடை இலை விடாத மரத்தை நான் தொடுவதில்லை. அந்தக் குளிர்காலத்தில் நான் வெட்டியது மொத்தம் 11. அடுத்த குளிர்காலத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வெட்டும் இயந்திரத்தோடு ஒருவரை இரண்டு நாள் கூலிக்கு வரவழைத்து 19 மரங்களை இறக்கினோம். எட்டு மரங்கள் காற்றில் தானாகவே விழுந்தன. 23 நிற்கின்றன, அவற்றைப் பற்றிப் பிறகு.

இயந்திரம் வரும் முன் இரண்டு வேலை. ஒன்று, உள்ளாட்சியின் மரம் வெட்டும் விதிகளைப் பார்ப்பது. நாங்கள் காட்டுக்கான வரிச் சலுகைத் திட்டத்தில் இருக்கிறோம். ஒன்டாரியோவில் குறைந்தது 4 ஹெக்டேர் காடு இருந்து, பத்து வருட மேலாண்மைத் திட்டமும் ஒப்புதல் பெற்றிருந்தால், அந்தக் காட்டு நிலத்துக்குச் சாதாரண வீட்டு வரி விகிதத்தில் கால் பங்கு கட்டினால் போதும். வெட்டுவது அந்தத் திட்டத்தில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு, இனம் பார்ப்பது. பள்ளத்தில் ஈரமாகக் கிடந்த மூலையில் ஆறு மரங்களின் பட்டை தக்கை போல மெத்தென்று இருந்தது. உலர்ந்து விழுந்த இலையை எடுத்துப் பார்த்தால் சிற்றிலைகளுக்குக் காம்பே இல்லை. அவை கருப்பு ஆஷ், என் 63 கணக்கில் சேராதவை. 2022 ஜனவரியில் ஒன்டாரியோவின் அழிவின் விளிம்பில் உள்ள இனங்கள் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். அனிஷினாபே, ஹோடனஷோனி என்ற பூர்வகுடி மக்கள் காலங்காலமாகக் கூடை முடைவது இந்த மரத்தில்தான். கட்டையைச் சம்மட்டியால் அடித்து அடித்து, ஆண்டு வளையங்களை நாடா நாடாவாகப் பிரித்து எடுப்பார்கள். அந்த மூலைக்குச் சிவப்பு நாடா கட்டி, இயந்திரக்காரரிடம் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இறக்கிய 30 மரத்தில் பலகைக்குத் தேறியது 14 கட்டை மட்டும். ஒவ்வொன்றும் எட்டரை அடி நீளம், சுமார் 13 அங்குல விட்டம். நம்மூரில் ‘பூச்சி விழுந்த மரம்’ என்றால் உள்ளே துளைத்துவிட்டது என்று பொருள். இந்தப் புழு பட்டைக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது. பட்டையை உரித்து ஓரத்தில் ஒரு சீவு சீவினால் உள்ளே மரம் பழுதில்லாமல் இருக்கும், இலை இருக்கும்போதே வெட்டியிருந்தால். ரொம்ப நாள் நின்று செத்தவற்றில் வெளிமரம் சாம்பல் பூத்து, முனையிலிருந்து முழ நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. இரண்டு வருடத் தாமதத்துக்கு நான் கட்டிய வட்டி அது. தேறாத கட்டைகளைப் புரட்டிப் பார்க்கும்போதெல்லாம் வேலியோரத்துப் பெரியவர் ஞாபகம்தான்.

2022 ஏப்ரலில் டிரெய்லரில் இழுத்துவரும் அறுவை இயந்திரத்தோடு ஒருவர் வந்தார். ஒரு கட்டையின் முனையில் சாம்பல் நீலமாக ஒரு கறை. அவர் அதைக் காட்டி, இது வேலியோரம் நின்ற மரமா என்று கேட்டார். ஆமாம், ஆனால் அங்கே வேலியே இல்லை என்றேன். மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று ஏற்றினோம். நாலாவது அறுப்பில் கிறீச்சென்று பிளேடு போனது. எந்தக் காலத்திலோ யாரோ அடித்த வேலி ஆணி, மரம் வளர்ந்து அதை உள்ளே விழுங்கிவிட்டிருந்தது. பிளேடு என் கணக்கில். சாயங்காலத்துக்குள் 700 போர்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பலகை. ஊர் மரக்கடைக் கணக்கில் 60 கன அடி. பெரும்பாலும் ஓரங்குலம், ஒரு பெரிய கட்டையை மட்டும் இரண்டு அங்குலமாக அறுக்கச் சொன்னேன்.

அடுக்குவதுதான் பாதி வேலை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சிமெண்ட் கற்கள், அதன் மேல் மட்டம் பார்த்துச் சட்டங்கள், பிறகு பலகை, குறுக்கே ஒரு அங்குல ரீப்பர், மறுபடி பலகை. ரீப்பர்கள் 16 அங்குல இடைவெளியில், மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். அது பிசகினால் பலகை அப்படியே நெளிந்து உலரும், பிறகு இழைத்தே தீர்ந்துபோகும். முனைகளுக்கு மெழுகுக் கரைசல் பூச வேண்டும், அதுவும் அறுத்த அன்றே. நான் மூன்று நாள் கழித்துப் பூசினேன். ஒவ்வொரு பலகையிலும் ஆறு அங்குலம் போச்சு. மேலே தகரம், அதன் மேல் கல். பக்கவாட்டில் தார்ப்பாய் போடக் கூடாது, காற்று வேண்டும்.

புதிதாக வெட்டிய ஆஷ் மரத்திலேயே ஈரம் குறைவு. உலர்ந்த மரத்தின் எடையில் 45 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீர். அறுத்த அன்று என் ஈரப்பத மீட்டர் 30க்கு மேல் காட்டியது. செப்டம்பர் கடைசியில் 14. இங்கே திறந்த கொட்டகையில் அதற்குக் கீழே இறங்காது. வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 8 வேண்டும். “எல்லாத்தையும் மரம் உலர்த்துற சூளைக்கு அனுப்பிரலாம்” என்று மனைவி சொன்னாள். அலமாரிக்கானதை மட்டும் அனுப்பினேன். கூலி மிச்சம் பிடித்ததாக நினைப்பு.

2023 வசந்தத்தில் அடுக்கின் கீழே பான்ட்ஸ் பவுடர் கொட்டின மாதிரி வெண்தூள். விரலில் தேய்த்தால் மைதா மாதிரி வழுவழுப்பு. பலகை ஓரத்தில், பட்டை ஒட்டியிருந்த பகுதியில், குண்டூசி ஓட்டைகள். இது வேறு பூச்சி. பச்சை வண்டுக்கு உயிருள்ள பட்டை வேண்டும். இதற்கு உலர்ந்த வெளிமரத்தின் மாவுச்சத்து. ஆஷ் இதற்கு நல்ல விருந்து. பட்டையோடு விட்ட பலகை எட்டையும் அன்றைக்கே அடுப்புக்கு அனுப்பினேன். மற்றவற்றில் போராக்ஸ் கரைசல் அடித்துவிட்டு, மறுவாரமே சூளைக்கு ஏற்றினேன். அங்கே உள்மரம் வரை சூடேறும்போது முட்டையும் புழுவும் சாகும். அப்பா முதலிலேயே கேட்டிருந்தார்: “ஏல, பூச்சி விழுந்த மரத்த வீட்டுக்குள்ள ஏத்துவாங்களால?” பச்சை வண்டைப் பற்றி அரைமணி நேரம் விளக்கி அவர் வாயை அடைத்திருந்தேன். இந்தத் தூளைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இதில் எனக்குப் பிடித்த வேலை காம்பு. பேஸ்பால் மட்டை, ஐஸ் ஹாக்கி மட்டை, கோடாலிக் காம்பு என்று இந்த ஊர் ஒரு நூற்றாண்டாக அடிவாங்கும் வேலையெல்லாம் ஆஷ் மரத்துக்குத்தான் கொடுத்து வந்திருக்கிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், உடையாது. ஆனால் எல்லாக் கட்டையும் ஆகாது. வேகமாக வளர்ந்த மரம்தான் இதில் பலம்: ஒவ்வொரு வருட வளையத்திலும் வசந்தத்தில் வந்த பகுதி துளைத்துளையாக, கோடையில் வந்த பகுதி இறுகலாக இருக்கும். வளையம் அகலமாக இருந்தால் இறுகல் பங்கு கூடும். அங்குலத்துக்கு ஆறிலிருந்து பத்து வளையம் இருந்தால் எடுத்து வைத்தேன். இருபது இருந்தால் விறகு.

காம்புக்கு ரம்பம் பிடிக்கக் கூடாது, பிளக்க வேண்டும். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். பிளந்தால் நார் தலையிலிருந்து கடைசி வரை அறுபடாமல் போகும். பிளந்த துண்டை எடுத்துச் சிமெண்ட் தரையில் செங்குத்தாகப் போட்டுப் பார்த்தேன். நல்லது ‘டிங்’ என்றது. செத்து ரொம்ப நாள் நின்ற மரத்தின் துண்டு ‘தொப்’ என்றது. இரண்டிலும் விரல் பருமனில் ஒரு குச்சி சீவி முழங்காலில் வைத்து வளைத்தேன். முதலாவது வளைந்து, முனகி, கடைசியில் நீள நீளச் சிம்புகளாகக் கிழிந்தது. இரண்டு பாதியும் பிரிய மாட்டேன் என்று தொங்கின. இரண்டாவது முள்ளங்கி ஒடிவது போல டப்பென்று மட்டமாக ஒடிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே எடை. இந்தச் சோதனை செய்யாமல் கோடாலிக்குக் காம்பு போடாதீர்கள். தலை பறந்து போகும்.

2018இல் ஊரிலிருந்து பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்த மண்வெட்டி இலை ஒன்று காம்பில்லாமல் கிடந்தது. இங்கே கிடைக்கும் காம்பு எதுவும் அந்த வட்டக் காதில் நிற்கவில்லை. பிளந்த துண்டை இருபுறமும் பிடிவைத்த கத்தியால் சீவி, நுனி கொஞ்சம் பருத்துக் கைப்பக்கம் ஒடுங்குவதாக இழைத்து, காதின் வழியே இழுத்து இறுக்கினேன். கடைசியில் கண்ணாடித் துண்டால் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு. வீடியோவில் காட்டியபோது அப்பா காம்பின் முனையைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவரச் சொல்லி வளையத்தை எண்ணினார். “கருவேலங்காம்பு மாதிரி கனமில்லையே, தாங்குமால?” என்றார். இரண்டு தோட்டப் பருவம் தாங்கியிருக்கிறது. கொஞ்சம் நீளமாக விட்டுவிட்டேன், அது என் தப்பு. குனிந்து வெட்டும்போது வயிற்றில் இடிக்கிறது.

விறகைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று குளிர்காலம் வீடு இதில்தான் சூடானது. நின்று செத்த மரத்தின் உச்சிப் பகுதி வெட்டிய அன்றே எரியும் போலிருக்கும். தூர்ப்பகுதி ஈரமாகவே இருக்கும். இரண்டையும் கலந்து அடுக்கினால் அடுப்பு புகையும், புகைக்குழாயில் கரி ஏறும். பிளந்த முகத்தில் மீட்டரைக் குத்தி 20க்குக் கீழே வந்த பிறகே உள்ளே எடுக்கிறோம். நண்பர் ஒருவர் வடக்கே முகாமுக்குப் போகும்போது கார் டிக்கி நிறைய ஏற்றிக்கொள்ளவா என்றார். கொடுக்கவில்லை. வண்டு தானாகப் பறந்தால் வருடத்துக்குச் சில கிலோமீட்டர். காரில் ஏறினால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வெட்டிய விறகின் பட்டைக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவும் வளர்ந்து வண்டாக வெளியே வரும். கட்டுப்பாட்டுப் பகுதியைத் தாண்டி, மத்திய அரசின் உணவு ஆய்வு முகமையிடம் அனுமதி வாங்காமல், எந்த மரத்தின் விறகையும் கொண்டுபோகவும் கூடாது. நண்பர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

நிற்கும் 23 மரங்களும் நடைபாதையிலிருந்து தள்ளி, யார் மேலும் விழாத தூரத்தில் இருக்கின்றன. உச்சி ஒவ்வொன்றாக உதிர்கிறது. இரண்டில் மரங்கொத்தி பொந்து வைத்திருக்கிறது. ஒன்றில் இந்த வருடம் பறக்கும் அணில். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் காற்று நாளில் போகத் தடை. வெட்டிய இடங்களில் வெயில் விழுந்ததும் மேப்பிள் கன்றுகளை முந்திக்கொண்டு பக்தார்ன் முட்செடி அடர்ந்துவிட்டது. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது சனிக்கிழமைகள் அதைப் பிடுங்குவதில் போகின்றன. நடுவே இடுப்பளவு ஆஷ் கன்றுகளும் நிறைய நிற்கின்றன. விரல் பருமன் தாண்டும்வரை வண்டு அவற்றைச் சீண்டாது.

பலகையில் ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு பெஞ்சு, பூஜை அலமாரி முடிந்தன. இரண்டங்குலப் பலகைகள் மட்டும் மிச்சம். அவற்றையும் சூளைக்கு அனுப்பிவிட்டு, இப்போது வீட்டுக்குள்ளேயே மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன். நேற்று மீட்டர் 9 காட்டியது. அகலமான இரண்டை ஒட்டி ஊஞ்சல் பலகையாக்கத் திட்டம். சங்கிலியும் கொக்கியும் அம்மா மதுரையில் வாங்கி வைத்துவிட்டாள். கூடத்து உத்தரம் அதைத் தாங்குமா என்று பார்க்க ஒருவர் வியாழக்கிழமை வருகிறார்.